எதிராளி வராத சாம்பியன்

விருதுநகர் மாவட்டத்தின் நாற்பத்தெட்டுக் கிலோ எடைப்பிரிவுக் குத்துச்சண்டைச் சாம்பியன் முகம்மது யூசுப், 2008ஆம் ஆண்டு தீபாவளி வரைக்கும் ஒரு மனிதரையும் குத்தியதில்லை. ஒரு மனிதரும் அவரைக் குத்தியதில்லை. இதை யாரும் அவதூறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய வீட்டு அலமாரியில், பீங்கான் தட்டுகளுக்குப் பக்கத்தில், ஆறு தங்கப் பதக்கங்கள் தொங்கின. ஆறும் முறைப்படி மேடையேறி, கையுறை மாட்டி, நடுவர் கையைத் தூக்கிப் பிடிக்க, வாங்கியவை. எதிராளி வரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

விதி அப்படி. ஒரு பிரிவில் ஒரே ஒருவர் பெயர் கொடுத்திருந்தாலும் அவர் மேடை ஏறித்தான் ஆக வேண்டும். மணி அடிப்பார்கள். எதிர்மூலை காலியாக இருப்பதை நடுவர் உற்றுப் பார்த்து உறுதி செய்துகொள்வார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையைத் தூக்குவார். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். யூசுப் நிற்க மாட்டார். இடது காலை முன்னால் வைத்து, தாடையைத் தோளுக்குள் புதைத்து, காலி மூலையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டே இருப்பார். வர வேண்டியவர் பஸ்ஸை விட்டுவிட்டார், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார் என்பது போல.

மாவட்டத்தில் நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு ஆளே இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலும் பட்டாசு ஆலை வாசலிலும் காலையில் நின்று பார்த்தால் அந்த எடையில் ஆயிரம் ஆண்கள் உள்ளே போவார்கள். அவர்களுக்கு அடிவாங்க வேறு இடங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையில் சொந்தச் செலவில் போய் வாங்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

யூசுப்புக்குத் தொழில் மிளகாய் வத்தல், மல்லித் தரகு. காலையில் சாம்பிள் பொட்டலங்களோடு விருதுநகர் பஜாரில் மண்டி மண்டியாக ஏறி இறங்குவார். மதியம் மண்டி உறங்கும் நேரத்தில் பயிற்சி. ஆரம்பத்தில் வத்தல் மூட்டையைக் குத்திப் பழகினார். மூன்றாவது குத்தில் மூட்டை எதிர்த்தாக்குதல் நடத்தியது. சாம்பியன் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டதோடு, பக்கத்து மண்டிக் கணக்கரையும் சேர்த்து அழவைத்தார். உளுந்து மூட்டை கல் மாதிரி நின்றது. கடைசியில் மல்லி மூட்டைதான் வசப்பட்டது. விழுந்த குத்தை வாங்கிக்கொண்டு வாசனையாகத் திருப்பிக் கொடுத்தது. ஐந்தடி உயரத்தில், மீசை நேர்த்தியாக வெட்டி, முஷ்டியில் மல்லி மணக்க நடமாடிய குத்துச்சண்டை வீரர் தமிழ்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கற்ற வித்தைக்குக் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் பாதி காரணம். மீதிக் காரணம் பழைய பேப்பர். பட்டாசுக் குழல் சுற்றுவதற்கு வெளிநாட்டுப் பழைய பேப்பர் பொதி பொதியாகச் சிவகாசிக்கு வரும். அதில் ஒரு பொதியிலிருந்து ஆங்கிலக் குத்துச்சண்டைப் பத்திரிகைகள் சில யூசுப்பின் கைக்கு வந்தன. ஜிம்மி வைல்டு என்ற சுரங்கத் தொழிலாளியை அங்கேதான் சந்தித்தார். ஐம்பது கிலோவைத் தொடாத உடம்பு. உலகச் சாம்பியன். தன்னைவிட எவ்வளவோ எடை கூடிய ஆட்களை எல்லாம் சாய்த்தவர். அர்ஜென்டினாவின் பாஸ்குவல் பெரெஸ் என்பவர் ஐந்தடிகூட இல்லை. அவரும் உலகச் சாம்பியன். அன்றிலிருந்து யூசுப்புக்கு ஒரு கொள்கை பிறந்தது. லேசான எடைச் சாம்பியன்தான் உண்மையான சாம்பியன். கனத்த எடைக்காரன் வெறும் பாரம்.

கொள்கை இருந்தால் அதற்கு எதிர்க்கட்சி வேண்டும். அந்தப் பொறுப்பை எண்ணெய்க் கடை சண்முகவேல் ஏற்றுக்கொண்டார். தொண்ணூற்றைந்து கிலோ. சாயங்காலம் கடை ஏறக்கட்டிய பிறகு மண்டி எதிரே டீக்கடை பெஞ்சில் விவாதம் தொடங்கும்.

“என்ன பாய், இன்னைக்கு எத்தன பேரச் சாச்சீக?”

“வந்தாத்தான அண்ணாச்சி சாய்க்க.”

“டைசன் ஒரு குத்து விட்டான்னா உங்க ஆளு வைல்டு எங்கன போய் விளுவான்? சாத்தூர் தாண்டிப் போவானா?”

“மொதல்ல டைசன் குத்து மேல படணும்ல. கொசுவ அடிக்கப் போயி உங்க கன்னத்துல நீங்களே எம்புட்டு வாட்டி அடிச்சிருக்கீக?”

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். சண்முகவேல் டீயை ஆற்றிக்கொண்டு அடுத்த அஸ்திரத்தை எடுப்பார். “வெடிக்குள்ள போக வேண்டிய பேப்பரெல்லாம் உங்க மண்டைக்குள்ள போயிருச்சு பாய். அதான் இந்தச் சத்தம்.”

யூசுப் அசர மாட்டார். அவருடைய முக்கிய வாதம் எடைமேடை பற்றியது. “உங்க ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கெடையாது அண்ணாச்சி. காலைல பிரியாணி தின்னுட்டு மத்தியானம் சண்டைக்கு ஏறலாம். எங்காளுக்குக் கால் கிலோ கூடினா வீட்டுக்குப் போவேண்டியதுதான். பட்டினி கெடந்து, ஓடி, எச்சியக்கூடத் துப்பி எட கொறச்சிட்டு, அப்புறம் அதே பசியோட சண்ட போடணும். மேடைக்கு வாரதுக்கு முன்னாலயே ஒரு சண்ட செயிச்சவன் அவன். கால் கிலோன்னா கால் கிலோதான். அதுலதான் இருக்கு அம்புட்டு மகத்துவமும்.”

“நீங்க எச்சி துப்பிப் பாத்ததில்லயே பாய்,” என்பார் சண்முகவேல். யூசுப்பின் எடை எப்போதும் நாற்பத்தேழரையைச் சுற்றியே நின்றது. பைரோஜாவின் சமையலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

பைரோஜா அவருடைய மனைவி. விவாதத்தில் அவருக்கு ஈடுபாடு இல்லை. பதக்கங்களைத் துடைக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்வார். “அடி வாங்காமத் தங்கம் வாங்குற ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தராத்தாங்க இருப்பீக.”

வேடிக்கையாகச் சொன்னதுதான். யூசுப்புக்கு அது முள்ளாக இறங்கியது. வைல்டுக்கும் பெரெஸுக்கும் இத்தனை வருடம் வாதாடியவருக்குத் தன்னைப் பற்றி ஒன்று மட்டும் தெரியவில்லை. ஒரு குத்து நிஜமாக முகத்துக்கு நேரே வந்தால் நிற்பாரா, ஓடுவாரா? மல்லி மூட்டை அதைச் சொல்லாது. காலி மூலையும் சொல்லாது. அதற்கு இன்னொரு நாற்பத்தெட்டுக் கிலோ வேண்டும். வயதோ முப்பத்து நாலு. அதைத் தாண்டியவர்களை மேடை ஏற விட மாட்டார்கள். இந்த வருடப் போட்டிதான் கடைசி.

அந்த வருடம் ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐம்பத்து நாலு கிலோ அகில் குமார் உலகச் சாம்பியனையே தோற்கடித்தார். எழுபத்தைந்து கிலோ விஜேந்தர் வெண்கலம் வாங்கினார். நாடு முழுக்க இளைஞர்கள் திடீரென்று கண்ணாடி முன் நின்று முஷ்டியை மடக்கிப் பார்த்தார்கள். அந்த அலையில் ஒரு துளி எங்கள் மாவட்டத்திலும் தெறித்தது. நவம்பரில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டியின் நாற்பத்தெட்டுக் கிலோ பிரிவில் இரண்டாவதாக ஒரு பெயர் சேர்ந்தது. சங்கிலிமுத்து, தாயில்பட்டி.

யூசுப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண்ணுக்கு வரன் வந்த தகப்பன் மாதிரி விசாரித்தார். பையன் பட்டாசு ஆலையில் வேலை. நடுவில் நாலு வருடம் வடசென்னைக்கு லோடு ஏற்றப் போனான், அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று தகவல் கிடைத்தது. அதோடு மனம் அடங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ஞாயிறன்று பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது? சாத்தூரில் இறங்கி இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டார். சண்டை போடப்போகிறவனுக்குத் தின்பண்டம் வாங்கிப்போன முதல் சாம்பியன் என்ற பெருமையும் இவ்வாறு எங்கள் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

சங்கிலிமுத்து சீசன் வேலை முடிந்து அப்போதுதான் குளித்திருந்தான். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. இருபத்தைந்து வயது. யூசுப் அவனை முகத்திலிருந்து கால்வரை, காலிலிருந்து முகம்வரை அளந்தார்.

“எட எம்புட்டு இருப்பே தம்பி?”

“நாப்பத்தெட்டு இருக்கும் அண்ணே. நீங்க யாரு?”

“ஒன்ன அடிக்கப் போறவன்.”

சங்கிலிமுத்து ஒரு கணம் விழித்துவிட்டு, “வாங்க, உக்காருங்க. காப்பி குடிக்கீகளா?” என்றான்.

சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது யூசுப் அவன் தோளைத் தொட்டார். “மறக்காம வந்துரு தம்பி. எந்த வேல இருந்தாலும் அன்னைக்கு வந்துரு.” யாரிடமும் எந்தச் சரக்குக்கும் அவர் இப்படிக் கெஞ்சியதில்லை.

அவன் வந்தான். போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்ற சங்கிலிமுத்துவைப் பார்த்ததும் யூசுப் கட்டிப்பிடிக்கப் போனார். கூடவே வந்திருந்த சண்முகவேல் அண்ணாச்சி பார்க்கிறாரே என்று கையை இழுத்துக்கொண்டார்.

ஆனால் எடைபோடும் கருவி வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்தது, பிறகு போய்விட்டது. எல்லாருக்கும் முன்னால் ஒரு ஹெவிவெயிட் வீரர், பெரிய இடத்துப் பிள்ளை, மரியாதை நிமித்தம் முதலில் ஏற்றப்பட்டார். கருவியின் முள் ஒரேயடியாக அந்தப் பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டது. அதன்பின் எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் நூற்றுப்பத்துக் கிலோ காட்டியது. “பாத்தீகளா அண்ணாச்சி, உங்காளு செஞ்ச வேலைய?” என்று யூசுப் ஒரு குத்து விட்டார். அன்றைய தினத்தில் அவர் விட்ட ஒரே குத்து அதுதான் என்று அப்போது தெரியாது.

மண்டி பக்கத்திலேயே இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் லட்சுமிகாந்தம் வீரர்களை அங்கே ஓட்டிச் சென்றார். மூட்டை நிறுக்கும் பழைய இரும்புத் தராசு. தண்டில் குண்டை நகர்த்தி நிறுப்பவர் செல்லக்கனி. முப்பது வருடமாக அதே தராசு, அதே கை. மண்டி வழக்கப்படி ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கின் எடை ஒரு கிலோ கழித்துத்தான் சரக்கின் எடையைக் கூவுவார். கழிப்பது மனசில் நடக்கும், கூவுவது வாயில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே யோசனை நுழைய இடமில்லை.

யூசுப் ஏறினார். குண்டு நகர்ந்தது.

“கழிவு போக, நாப்பத்தாறு அறுநூறு!”

அடுத்து சங்கிலிமுத்து.

“கழிவு போக, நாப்பத்தேழு நானூறு!”

லட்சுமிகாந்தம் அப்படியே குறித்துக்கொண்டார். ‘கழிவு போக’ என்பது தராசைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி ஏதோ ஒரு சடங்கு வார்த்தை என்று நினைத்திருப்பார். மண்டிக்காரர்களோ அந்தச் சொல்லைத் தினம் ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டு, காதில் விழாத நிலையை எட்டியிருந்தார்கள். மனிதனுக்குச் சாக்கு ஏது என்று கேட்க அங்கே ஆளில்லை.

யூசுப் ஒருவருக்குத்தான் அப்போது காதில் விழுந்தது. தரகர் அல்லவா, மனசு தானாகவே ஒரு கிலோவைத் திருப்பிச் சேர்த்துவிட்டது. நாற்பத்தெட்டு நானூறு. வரம்புக்கு நானூறு கிராம் மேலே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழாவது தங்கம். கால் கிலோவின் மகத்துவத்தைப் பற்றி வருடக்கணக்கில் டீக்கடை அதிரப் பேசிய அந்த வாய் இறுக மூடிக்கொண்டது. நானூறு கிராமை அப்படியே விழுங்கிவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பகல் பதினோரு மணிக்கு நாற்பத்தெட்டுக் கிலோ இறுதிப்போட்டி என்று மைக்கில் சொன்னார்கள். யூசுப் மேடை ஏறினார். பழக்கதோஷத்தில் எதிர்மூலையைப் பார்த்தார். அங்கே ஆள் இருந்தது. சிவப்புக் கையுறை, ஒல்லித் தோள், லேசாகத் திறந்த வாய். மூச்சுவிடுகிற ஆள். யூசுப் துள்ள மறந்து அப்படியே நின்றுவிட்டார். நடுவர் இருவரையும் நடுவே அழைத்தார். கையுறையோடு கையுறை தொட்டது. அந்தத் தொடுகை எத்தனை மெத்தென்று இருந்தது என்பதைப் பிறகு பல நாள் அவர் பைரோஜாவிடம் சொல்லியிருக்கிறார்.

“ஒரு நிமிசம்! நிப்பாட்டுங்க சார்!”

முன்வரிசை நாற்காலியிலிருந்து தொண்ணூற்றைந்து கிலோவும் எழுந்து நின்றது. சண்முகவேல்.

“இப்பத்தான் எனக்கு ஒறைக்குது சார். செல்லக்கனி கழிவு போகத்தான் சொன்னாரு. சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சிருக்காரு. அந்தத் தம்பி நாப்பத்தெட்டு நானூறு. வரம்புக்கு மேல.”

கூட்டம் சலசலத்தது. செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டார். யூசுப் கயிற்றைப் பிடித்துக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, உக்காருங்க,” என்றார்.

“நீங்க சும்மா இருங்க பாய். ஒங்க நல்ல மனசுக்கு நீங்க சொல்ல மாட்டீக. ஒங்களுக்கு அநியாயம் நடக்கும்போது நா பாத்துக்கிட்டு இருப்பனா?” சண்முகவேலின் குரல் தழுதழுத்தது. “இம்புட்டு நாளா ஒங்களக் கேலி பண்ணியிருக்கேன். ஆனா நீங்க சொன்னதுதான் சரி. கால் கிலோன்னா கால் கிலோதான். அதுலதான் இருக்கு மகத்துவம்.”

இவ்வாறாக, உலகக் குத்துச்சண்டை வரலாற்றின் நீண்ட விவாதங்களுள் ஒன்று, யூசுப் தரப்புக்கு முழு வெற்றியாக முடிந்தது. வென்றவர் முகத்தை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

“எனக்கு ஆட்சேபணையே இல்லீங்க,” என்று யூசுப் நடுவரிடம் மன்றாடினார். லட்சுமிகாந்தம் நல்ல மனிதர். விதியும் நல்ல விதி. ஒரு மணி நேரம் தருகிறேன், எடை குறைந்தால் சண்டை உண்டு என்றார்.

பிறகு பஜாரில் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். சங்கிலிமுத்துவுக்கு உடம்பைச் சுற்றி உரச்சாக்கின் உள்பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டார்கள். நவம்பர் வெயிலில் அவன் ஓடினான். கூடவே நாற்பத்தேழு கிலோ அறுநூறு கிராம் உள்ள, வியர்க்கத் தேவையே இல்லாத யூசுப்பும் ஓடினார். தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு பேரும் ஜோடியாக ஓடினார்கள்.

“துப்பு தம்பி, துப்பிக்கிட்டே ஓடு.”

“எச்சியே வரல அண்ணே.”

“புளியங்கா நெனச்சுக்க.”

“நீங்க குடுத்த சேவ நா தின்னிருக்கக் கூடாது அண்ணே. லீவுல வீட்ல சும்மாதான கெடந்தேன். நல்லா இருந்துச்சு.”

யூசுப் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சங்கிலிமுத்து பிளாஸ்டிக்கை உரித்துப் போட்டுவிட்டுத் தராசில் ஏறினான். செல்லக்கனி குண்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். முப்பது வருடத்தில் முதல்முறையாக எதையும் கழிக்காமல், அழாத குறையாகச் சொன்னார். “நாப்பத்தெட்டு நூறு.”

“ஈரத் துணிக்குக் கழிவு உண்டுல?” என்று யூசுப் கேட்டார். அவன் மேல் துணி என்று சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. லட்சுமிகாந்தம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

யூசுப்பை மறுபடி மேடை ஏற்றினார்கள். மணி அடித்தது. எதிர்மூலை காலியாக இருந்தது. இந்தத் தடவை அவர் துள்ளவில்லை. கயிற்றுக்கு வெளியே, துண்டைப் போர்த்திக்கொண்டு அவரையே பார்த்தபடி சங்கிலிமுத்து நின்றான். நடுவர் கையைத் தூக்கியபோது பலமாகக் கைதட்டியது சண்முகவேல்தான்.

சாயங்காலம் புரோட்டாக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெயில் பொரித்த புரோட்டா, மேலே சால்னா. சங்கிலிமுத்து எடைக்காகக் கிடந்த இரண்டு நாள் பட்டினியை ஒரே மேசையில் தீர்த்துக்கொண்டிருந்தான். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. யூசுப் தன் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டபடி அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருசம் வருவியா தம்பி?”

“வருவேன் அண்ணே. நீங்க?”

“எனக்கு வயசு தாண்டிரும்.”

சங்கிலிமுத்து மெல்வதை நிறுத்தினான். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“மணி அடிச்சிருந்தா மொதக் குத்து எப்படி விட்டிருப்ப?” என்று யூசுப் கேட்டார், வத்தல் விலை கேட்கிற மாதிரி.

“எடதுதான் அண்ணே. எப்பவும் எடதுதான் மொதல்ல.”

“காட்டு.”

“இங்கனயா?”

“அந்தக் கை சும்மாத்தான இருக்கு.”

சங்கிலிமுத்து சுற்றிப் பார்த்தான். வலது கையில் சால்னா. இடது கையை மடியிலிருந்து எடுத்து மடக்கினான். உட்கார்ந்தபடியே தோளைக் கொஞ்சம் சாய்த்தான். முஷ்டி கிளம்பியதை யூசுப் பார்க்கவில்லை. வந்து நின்றதைத்தான் பார்த்தார். கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் அது நின்றது. காற்று மட்டும் வந்து பட்டது.

 பக்கத்து மேசையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

“தம்பி, நா கண்ண மூடினேனா?”

“கவனிக்கல அண்ணே. தாடையத்தான் பாத்தேன்.”

யூசுப் இலையைத் தள்ளி வைத்தார். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்தினார்.

“அப்ப இன்னொரு வாட்டி விடு. இப்பக் கண்ணப் பாத்துக்க.”